மாட்டைச் சாய்த்த கதை

நின்றுகொண்டே தூங்குகிற பசுவின் பக்கத்தில் ஓசைப்படாமல் போய், நாலு பேராகச் சேர்ந்து ஒரு தள்ளுத் தள்ளினால், அது வெட்டின மரம் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்துவிடுமாம். கீழே விழுந்த பிறகுதான் அதற்கு விழிப்பே வருமாம். இந்தச் சமாசாரத்தை எனக்குச் சொன்னவன் என் அக்காள் மகனுடைய அறைத் தோழன். சொன்ன இடம், ஒரகடத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஐந்து பேராக வாடகைக்கு எடுத்திருந்த ஒரு மாடி அறை.

அந்தப் பக்கம் போகாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமாநுஜர் அவதரித்த ஊர் என்றுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 1991-ஆம் வருஷம் மே மாதம் ராஜீவ் காந்தி அங்கே கொல்லப்பட்ட பிறகு உலகத்துக்கே அந்தப் பெயர் வேறு விதமாகத் தெரிந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை திறந்தது. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பூமியில் இப்போது மைல் கணக்கில் மதில் சுவர்கள், அகலமான சாலைகள், இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள். ஷிப்டு முறையில் வேலை பார்க்கிற பையன்களுக்காகக் கட்டின வாடகை அறைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இத்தனைக்கும் நடுவில், ஊரை விட்டுப் போக வழியில்லாத பழைய குடித்தனக்காரர்களைப் போல, மாடுகளும் இருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகனைப் பார்க்கப் போயிருந்தேன். நான் கதை எழுதுகிறவன் என்று அவன் தன் தோழர்களிடம் பெருமையடித்திருக்கிறான் போலும். கதை எழுதுகிறவனைக் கண்டால் யாருக்கும் ஒரு கதை சொல்லத் தோன்றும். "சார், நீங்க நம்ப மாட்டீங்க" என்று ஆரம்பித்தான் அந்தப் பையன். ஏரிக்கரையில் ஒரு நள்ளிரவு, நின்றபடி உறங்கின ஒரு பசு, நாலு நண்பர்கள், ஒரு தள்ளு. அவன் சொன்ன அழகில் அறை முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்துவிட்டு, "நீயும் தள்ளினாயா, தம்பி?" என்று கேட்டேன்.

"நான் பக்கத்துல நின்னு பார்த்தேன் சார்."

மருமகன் குறுக்கிட்டான்: "போன வாரம் உங்க சீனியர் தள்ளினார்னு சொன்னே?"

"ஆமா, சீனியர்தான். அவர் என்கிட்டே சொன்னார்."

"அவர் பார்த்தாரா?"

"அவரோட ஹாஸ்டல் நண்பர் ஒருத்தர்..."

இந்தச் சங்கிலியை எவ்வளவு இழுத்தாலும் அதன் கடைசிக் கண்ணி கைக்கு வராது என்பது எனக்குத் தெரியும். கதைகளோடு இருபது வருஷம் குடும்பம் நடத்தினவன் நான்.

கீழே வீட்டுக்கார ஆயா இரண்டு பசு வைத்திருந்தாள். படி இறங்கும்போது அவளிடம் இதைச் சொன்னேன். சாணி அள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தூங்கற மாடு நிக்காது சாமி, நிக்கிற மாடு தூங்காது. இந்தப் புள்ளைங்களுக்கு யாரு இதெல்லாம் சொல்லித் தராங்க?" என்றாள்.

யார் சொல்லித் தந்தார்கள் என்று எனக்கும் ஆவல் வந்தது. தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் கிராமப்புறங்களைப் பற்றி அங்கேயுள்ள பட்டணத்துப் பிள்ளைகள் சொல்லிக்கொள்கிற கதை இது. 1988-இல் வந்த 'ஹெதர்ஸ்' என்ற படத்தில் இப்படி ஒரு காட்சி உண்டு. 2006-இல் வந்த 'கார்ஸ்' என்ற குழந்தைகள் சித்திரப் படத்தில் பசுவுக்குப் பதிலாக டிராக்டர்களைச் சாய்த்து விளையாடுவார்கள். ஒரகடத்துப் பையன்களுக்கு அப்போது நாலைந்து வயதிருக்கும். கார் செய்கிற ஊருக்கு வேலைக்கு வருவதற்கு முன்பே 'கார்ஸ்' அவர்களிடம் வந்துவிட்டது.

கதை பொய் என்பதற்கு இரண்டு வகைச் சாட்சி உண்டு. ஒன்று, பசுவின் உடம்பு. நின்றபடி தூங்குவதற்குத் தோதாகக் கால் மூட்டைப் பூட்டிக்கொள்ளும் அமைப்புக் குதிரைக்கு உண்டு. பசு நின்றபடி கொஞ்சம் கண் அயரும். நல்ல தூக்கத்துக்குப் படுத்தே ஆகவேண்டும். ஒரு நாளில் பாதிப் பொழுது அது படுத்துத்தான் இருக்கிறது. அதிலும் உண்மையான தூக்கம் ஏறக்குறைய நாலு மணி நேரம், அதுவும் துண்டு துண்டாக. மற்ற நேரமெல்லாம் அசைபோடுதல். தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி அநேகமாக முழு வட்டத்தையும் பார்க்கிற கண் அதற்கு. அதன் பக்கத்தில் ஓசைப்படாமல் போவது என்பது, சம்பளத் தேதியன்று மளிகைக் கடைக்காரர் கண்ணில் படாமல் தெருவைக் கடப்பது போன்ற காரியம்.

இரண்டாவது சாட்சி பௌதிகம். கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு முடித்துக்கொண்ட எனக்குப் பௌதிகத்தில் அதிகாரம் கிடையாது. ஆனால் கானடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து விலங்கியல் ஆராய்ச்சியாளர் மார்கோ லில்லியும் டிரேசி பெக்லர் என்ற மாணவியும் 2005-இல் உட்கார்ந்து கணக்கே போட்டுவிட்டார்கள். ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள பசுவைச் சாய்க்க 2,910 நியூட்டன் விசை வேண்டும். ஒருவர் தரக்கூடிய பலத்தால் வகுத்தால் 4.43 பேர். மனிதனை நூறாகப் பிரிக்க முடியாதாகையால் ஐந்து பேர். பசு பொம்மை மாதிரி நின்று கொடுத்தால் இரண்டே பேர்கூடப் போதும் என்று கணக்கு இடம் தருகிறதாம். பசு நின்று கொடுக்காது. கால் அகட்டும், நகரும், திரும்பும். அங்கேதான் கணக்கு முடிந்து மாடு ஆரம்பிக்கிறது.

இந்த மாதிரிக் கதை ஒன்றும் புதிதில்லை. ரோமாபுரியின் ஜூலியஸ் சீஸர், கால் (Gaul) தேசத்துப் போரைப் பற்றி எழுதின புத்தகத்திலேயே, ஜெர்மானியக் காடுகளில் மூட்டே இல்லாத கால்களுடன் ஒரு வகை மான் உண்டென்றும், அது மரத்தில் சாய்ந்துதான் தூங்கும் என்றும், வேடர்கள் அந்த மரத்தை முன்கூட்டியே பாதி அறுத்து வைத்தால் மானும் மரமுமாக விழும் என்றும் எழுதி வைத்திருக்கிறார். யானை படுப்பதில்லை என்ற நம்பிக்கையை அவருக்கும் மூன்று நூற்றாண்டு முன்பு அரிஸ்டாட்டில் மறுத்திருக்கிறார். பெரிய மிருகம் நின்றபடி அசந்து தூங்குகிறது, சின்ன மனிதன் தந்திரத்தால் அதைச் சாய்க்கிறான் என்ற ஆசை இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக மனிதனைத் தூங்கவிடவில்லை என்று தோன்றுகிறது.

நம் நாட்டில் மாட்டைச் சாய்ப்பது நிஜமாகவே நடந்திருக்கிறது. ஆனால் அது விளையாட்டு இல்லை, வேலை. லாடம் கட்டுகிறவர் வண்டி மாட்டைச் சாய்ப்பதைச் சிறு வயதில் சந்தையில் பார்த்திருக்கிறேன். கயிற்றைச் சுற்றி, கால்களை ஒன்றுசேர்த்து, இழுக்கிற இடத்தில் இழுத்தால் மாடு தானாகவே மடங்கி உட்கார்ந்து சாயும். ஒருவர் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொள்வார், கொம்பு தரையில் குத்தக்கூடாதென்று. லாடம் அடித்து முடிந்ததும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் அவிழ்த்து எழுப்பிவிடுவார்கள். பக்கவாட்டில் கிடக்கிற மாட்டுக்கு ஏப்பம் விட வழியில்லை. வயிறு உப்பிக்கொண்டு உயிருக்கே மோசம் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். உண்மையில் மாட்டைச் சாய்க்கத் தெரிந்தவர்களுக்கு அதில் சிரிப்பு வந்து நான் பார்த்ததில்லை.

ஆக, கதை பொய். இத்துடன் நிறுத்திவிட்டு மருமகனுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். கட்டுரை எழுத வேண்டிய அவசியம் இல்லை. 'பொய்தான், இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?' என்று அந்தப் பையன் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதில்தான் எனக்குச் சங்கடம். ஏனென்றால் பொய் சொல்லிப் பிழைக்கிறவன் நான். என் நாவல்களில் வருகிற யாரும் பிறந்ததில்லை. அவர்கள் சாவுக்கு அழுத வாசகிகளின் கண்ணீர் மட்டும் நிஜம்.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்து வயதில் நானும் ஒரு குறும்பு செய்திருக்கிறேன். அண்டை வீட்டுக் கன்றுக்குட்டியின் வாலில் தகர டப்பாவைக் கட்டினேன். டப்பாவின் சத்தத்துக்குப் பயந்து அது ஓட, ஓட ஓடச் சத்தம் பெருக, கடைசியில் கள்ளி வேலியில் போய் விழுந்தது. அதன் ஒரு கண்ணில் முள் ஏறிவிட்டது. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கே இந்தப் பக்கத்தைப் படித்த பிறகுதான் தெரியப்போகிறது. நிஜமாகச் செய்த குறும்பை மறைத்துவிடுகிறோம். செய்யாத குறும்பைத்தான் கூட்டம் கூட்டிச் சொல்கிறோம். வலி தெரியாத இடத்தில்தான் அந்தச் சிரிப்பு பிறக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மருமகன் போன் செய்தான்.

"மாமா, ஆயாவோட பசு ரோட்டோரத்துல விழுந்து கெடக்குது. எழுந்திருக்க மாட்டேங்குது. ஊர்ல எல்லாரும் எங்களைத்தான் சொல்றாங்க. நீங்க கொஞ்சம் வர முடியுமா?"

மறுநாள் காலை தாம்பரத்தில் பஸ் ஏறிப் படப்பை வழியாகப் போய்ச் சேர்ந்தேன். ராத்திரியில் மாடுகள் சாலையில் வந்து படுப்பது அந்தப் பக்கத்தில் சகஜம். தார் கதகதப்பாக இருக்கும், ஈரம் இல்லை, வண்டிகள் போகிற காற்றில் கொசு அண்டாது என்று மாடு வளர்ப்பவர்கள் சொல்வார்கள். அதோடு, படுப்பதற்கு வேறு இடமும் குறைந்துவிட்டது. மேய்ச்சல் வெளியாக இருந்தது இப்போது யாருடைய மதிலுக்கோ உள்ளே இருக்கிறது. சனிக்கிழமை விடியற்காலையில் பார்த்தபோது பசு சாலையை ஒட்டின பள்ளத்தில் கிடந்திருக்கிறது. அதை இழுத்துக் கொட்டகைக்குக் கொண்டு வந்திருந்தார்கள். வாசலில் இருபது பேர் கூட்டம். நடுவில் அந்தப் பையன், முகம் வெளுத்து நின்றான்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"மாட்டைச் சாச்சோம்னு டீக்கடையிலே சொன்னது நீதானே?"

"அது சும்மா சொன்னேங்க."

"அப்ப இப்பச் சொல்றதும் சும்மாதானா?"

பையனிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. கதாசிரியன் என்ற முறையில், இவ்வளவு கச்சிதமான கேள்வியை நான் எந்தப் பாத்திரத்தின் வாயிலும் வைத்ததில்லை. பையன் தமாஷாகக் கட்டின கதை ஒப்புதல் வாக்குமூலமாகத் திரும்பி வந்து அவன் எதிரிலேயே நின்றது. அதை மறுக்க அவனிடம் இருந்தது ஒரே சாட்சி, அவனுடைய சொல். அதைத்தான் அவன் முன்பே செலவழித்துவிட்டானே!

கூட்டத்தில் வேறு சிலர் 'வெளியூர்ப் பசங்கன்னாலே இப்படித்தான்' என்றார்கள். இங்கே இன்னொரு வேடிக்கை. கிராமத்து மாடு அசடு, தள்ளினால் விழும் என்று பையன்கள் ஒரு கதை வைத்திருந்தார்கள். வெளியூர்ப் பையன் அயோக்கியன், எதையும் செய்வான் என்று ஊரார் ஒரு கதை வைத்திருந்தார்கள். மாட்டோடு பழகாதவர்கள் முதல் கதையையும், பையன்களோடு பழகாதவர்கள் இரண்டாவது கதையையும் நம்பினார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்துக்கொண்டு நிஜம் மாதிரி நின்றன.

வழக்கை முடித்தவள் ஆயாதான். பசுவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"அந்தப் புள்ளைங்க இல்ல. பால் வாங்க வந்தாலே அந்தப் புள்ளை நாலடி தள்ளி நிப்பான். பக்கத்துல ஆள் வந்தா தலையத் தூக்காத மாடா இது? இங்க வந்து பாருங்க." பசுவின் இடுப்பில் இடுப்பெலும்பு உயரத்துக்குத் தோல் உரிந்து கன்றிப்போயிருந்தது. மடியிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினாள். சிவப்புக் கண்ணாடிச் சில்லு போல இரண்டு துண்டு. வண்டி விளக்கின் மூடி. "இத்த அங்கதான் பொறுக்கினேன். கையால தள்ளினா இது வுடையுமா?"

கூட்டம் மெதுவாகக் கலைந்தது. யாரோ ஒருவர், எதிர்க்கடைக் காமிராவில் பார்த்தால் லாரி தெரியுமே என்றார். போய்க் கேட்டார்கள். அதில் ஒரு நாள் படம்தான் நிற்குமாம். வெள்ளிக்கிழமை ராத்திரிப் படம் அழிந்துபோயிருந்தது. சனிக்கிழமை பூராவும் ஊர் பையன்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நாளில் அந்த வண்டி எத்தனை நூறு மைல் போயிருக்குமோ! இன்றுவரை அது எது என்று தெரியாது.

யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த இடம் இதுதான். பொய்க் கதை ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. உண்மை வந்து வாசலில் நிற்கும்போது உட்கார இடம் இருப்பதில்லை. நம்மைச் சிரிக்க வைத்த கதைதான், ஆயாவின் பசுவை அடித்துப்போட்டவன் தப்பித்துப்போக ஒரு பகல் பூராவும் வழிவிட்டது. அதைச் சொன்ன பையனுக்கு யாரையும் கெடுக்கிற எண்ணம் கிடையாது. கேட்டுச் சிரித்த எனக்கும் கிடையாது.

தீமை பயக்காத பொய்தானே என்று சமாதானம் சொல்கிறவர்கள் வள்ளுவரைத் துணைக்கு அழைப்பார்கள். வள்ளுவர் அவ்வளவு தாராளமாக அனுமதிச் சீட்டுக் கொடுக்கவில்லை. குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்கிறார். கெடுதல் செய்யாமல் இருந்தால் போதும் என்று அவர் சொல்லவில்லை. நன்மை செய்ய வேண்டும் என்கிறார். பொழுதுபோகாத பொய்களுக்கு அந்தக் குறளில் இடமே இல்லை.

அப்படியானால் நான் எழுதுகிற நாவல்கள்? இந்தக் கேள்வியோடு அன்று பஸ்ஸில் வரும்போது எனக்குத் திருவாரூர்ப் பசு நினைவுக்கு வந்தது. கன்றைப் பறிகொடுத்த பசு அரண்மனை மணியை இழுத்தது. மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சேக்கிழார் பெரிய புராணத்தில் பாடியிருக்கிறார். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அந்தச் சோழனுக்குச் சிலையே இருக்கிறது. பசு மணி அடிக்குமா என்று பௌதிகம் படித்தவர்கள் கேட்கலாம். எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்று கணக்கும் போடலாம். ஆனால் அந்தக் கதையைச் சொல்கிறவன் தன்னை எங்கே நிறுத்திக்கொள்கிறான் என்று பாருங்கள். அவன் ராஜாவின் பக்கம் நின்றால், தன் பிள்ளையையும் ஒரு கன்றையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லி அந்தக் கதை அவனைக் கேட்கிறது. சொல்கிறவனிடமே கணக்குக் கேட்கிற கதை அது. மாட்டைச் சாய்த்த கதை சொல்கிறவனை எதுவும் கேட்பதில்லை. மாட்டையும் அதை வளர்க்கிறவளையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகச் சொல்கிறது. அதோடு, நாவல் எழுதுகிறவன் வாசற்படியிலேயே 'இது கதை' என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் உள்ளே கூப்பிடுகிறான். 'நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்' என்று சத்தியம் செய்வதில்லை. என் தொழிலுக்கு நானே செய்துகொள்கிற வக்காலத்து இது. அதனால் வாசகர்கள் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டே ஏற்கட்டும்.

பசுவின் கதையை முடிக்கவில்லையே! சனிக்கிழமை மாலையே கால்நடை மருத்துவர் வந்து பார்த்திருந்தார். எலும்பு முறியவில்லை, சதையும் நரம்பும் அடிபட்டிருக்கின்றன. ஆனால் எழுந்திருக்க முடியாமல் ஒரே பக்கமாகக் கிடந்தால் மாட்டின் கனமே அதன் கால் சதையை நசுக்கிவிடும். ஆகையால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் புரட்ட வேண்டும்; கனமாக வைக்கோல் பரப்ப வேண்டும்; பக்கவாட்டில் சாயாமல் நிமிர்ந்து கிடக்க மூட்டைகளை முட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் ராத்திரியிலும்தான். ஆயாவுக்கு எழுபது வயது, மகன் ஒருவன்.

அந்த ஐந்து பையன்களும் ஷிப்டு பார்த்து முறை வைத்துக்கொண்டார்கள். முதல் தடவை புரட்டும்போது நானும் ஒரு கை கொடுத்தேன். ஆயாவின் மகன், நான், பையன்கள் நாலு பேர். ஆறு பேர் சேர்ந்தும் அது அசையவில்லை. ஆயா வந்து காலை இப்படி மடக்கு, கயிற்றை இந்தப் பக்கம் போடு, தலையைத் திருப்பு என்று சொன்ன பிறகுதான் புரண்டது. நானூறு கிலோவாவது இருக்கும். மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அந்தப் பையன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"படுத்திருக்கிறதையே ஆறு பேரால புரட்ட முடியலையே சார்" என்றான்.

கானடாவில் போட்ட கணக்கை அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் கையிலேயே அது இருந்தது.

ஆறாம் நாள் காலையில் பசு முன்னங்காலை ஊன்றி, இரண்டு தடவை சறுக்கி, மூன்றாம் தடவை எழுந்து நின்றுவிட்டதாக மருமகன் போனில் சொன்னான். இரவு ஷிப்டு முடிந்து வந்த பையன்கள் யூனிபாரத்தோடேயே நின்று பார்த்தார்களாம். பின்னங்கால் ஒன்றை அது இன்னும் இழுத்துத்தான் நடக்கிறது. பால் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆயா அதை விற்கவில்லை. ராத்திரியில் இப்போது கட்டியே வைக்கிறாள்.

போன மாதம் மருமகன் வீட்டுக்கு வந்தபோது அந்தப் பையனைப் பற்றி விசாரித்தேன். "இப்பவும் கதை சொல்றானா?" என்றேன்.

"சொல்றான் மாமா. ஆனா இப்ப வேற கதை. ஆறு நாள் ராத்திரியும் பகலும் ஒரு மாட்டைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வெச்சோம்னு புதுசா வர்ற பசங்ககிட்டே சொல்றான்."

"கேட்டு என்ன சொல்றாங்க?"

மருமகன் சிரித்தான். "யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. அந்தப் பழைய கதையைச் சொல்லுடா, அதுதான் நல்லா இருக்கும்கறாங்க."